ஏரி தெரியுற டேபிள்

டூரிஸ்ட் வண்டி ஓட்டுறவனுக்கு மலை ஏத்துறது ஒரு கஷ்டமே இல்லீங்க. மலைக்கு முன்னாடி ஒரு மத்தியானச் சாப்பாடு வருது பாருங்க, அதுதான் கஷ்டம்.

கொண்டை ஊசி வளைவுல ஸ்டியரிங்கை ஒடிச்சா வண்டி திரும்பிடும். பின்சீட்ல இருக்கற குடும்பத்தை ஒரு ஹோட்டல் பக்கம் திருப்புறது அவ்வளவு லேசு இல்ல. தாத்தாவுக்குக் காரம் ஆகாது. குழந்தைக்கு நூடுல்ஸ் வேணும். அம்மாவுக்கு பாத்ரூம் சுத்தமா இருக்கணும். இது அத்தனையும் இருந்து, உக்காந்த எடத்துலேருந்து தண்ணியும் தெரியணும். நீங்களும் குடும்பத்தோட கார்ல கிளம்பி, "இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பாக்கலாம்"னு சொல்லிச் சொல்லியே பசியில சண்டை போட்டவங்கதானே? அப்ப உங்ககிட்ட மனசு விட்டுச் சொல்லலாம்.

என் பேரு சேகர். பெங்களூர்ல, மல்லேஸ்வரத்தை ஒட்டின ஸ்ரீராமபுரத்துல வீடு. சொந்தமா ஒரு ஏழு சீட் வண்டி வச்சிருக்கேன். ஊட்டிக்குப் போற பார்ட்டிங்கதான் ஜாஸ்தி, அதனால மைசூர் ரோட்டுலயே பாதி ஆயுசு போயிடுச்சு. நஞ்சன்கூடு தாண்டி, குண்ட்லுப்பேட்டைக்கு முன்னாடி, ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ள ஒரு ஏரி இருக்கு. கரையில ஒரு ஹோட்டல். ஓடு போட்ட வராந்தா, தண்ணியைப் பாத்த மாதிரி டேபிளுங்க, குழந்தைங்களுக்கு ஊஞ்சல், வண்டி நிறுத்த புங்க மர நிழல். நடத்துறவரை நாங்க எல்லாரும் கௌடரேன்னு கூப்பிடுவோம்.

ஒரு நாள் வீட்டுக்கு வந்து, என் வீட்டுக்காரி செல்விகிட்ட இந்த எடத்தைப் பத்தி வர்ணிச்சுத் தொலைச்சேன். அன்னையிலேருந்து அவளுக்கு அது ஒண்ணுதான் ஆசை. "மலையெல்லாம் நீங்களே வச்சுக்குங்க. நீங்க, நான், திவ்யா, மூணு பேரும் அந்த ஏரிக்கரையில உக்காந்து ஒரு மத்தியானம் சாப்பிடணும், அவ்வளவுதான்"னா. திவ்யா எங்க ஒரே பொண்ணு. அப்ப அவ ஸ்கூல்ல படிச்சுக்கிட்டிருந்தா. அவ காலேஜ் முடிக்கிற வரைக்கும் அந்த ஆசை அப்படியே நின்னுச்சு. ஊர்ல இருக்கறவங்களை எல்லாம் அந்த ஏரிக்கரையில உக்கார வச்சேன், சொந்த வீட்டை மட்டும் கூட்டிட்டுப் போக முடியல. அந்த ஏக்கத்தோடதான் இதெல்லாம் சொல்றேன், கேளுங்க.

நாலு புள்ளி ஒண்ணு

மல்லேஸ்வரத்து ஃபேமிலி. புருஷன், பொண்டாட்டி, சின்னதா ஒரு பொண்ணு. கெங்கேரி தாண்டுறதுக்குள்ள சார் போனை எடுத்துட்டாரு. மத்தியானம் எங்க சாப்பிடறதுன்னு ஆராய்ச்சி. மத்தூர்ல வடை சாப்பிடறப்பவும் ஆராய்ச்சி, மைசூர் தாண்டறப்பவும் ஆராய்ச்சி. நான் மெதுவா ஏரி ஹோட்டலைச் சொன்னேன். உடனே தேடிப் பாத்தாரு. "ரேட்டிங் நாலு புள்ளி ஒண்ணுதான் இருக்கு டிரைவர். முன்னாடி நாலரை ஏதாவது இருக்கும், நீங்க போங்க"ன்னாரு. யாரோ ஒரு புண்ணியவான் ரசத்துல உப்பு கம்மின்னு எழுதி வச்சிருக்கானாம். திரும்பற எடம் வந்துச்சு. மரத்துக்கு நடுவுல ஏரி பளபளன்னு தெரிஞ்சுது. மேடம் கழுத்தைத் திருப்பிப் பாத்துக்கிட்டே வந்தாங்க. போயிடுச்சு.

குண்ட்லுப்பேட்டையில ஒரு ஹோட்டல்ல கூட்டம், இன்னொண்ணுல போட்டோ சரியில்ல. அப்புறம் என்ன, பந்திப்பூர் காடு வந்துடுச்சு. அதுக்குள்ள வண்டியை நிறுத்தக்கூடாது, கீழ எறங்கக்கூடாது. ரோட்டோரம் மானுங்க மட்டும் நிம்மதியா சாப்பிட்டுக்கிட்டிருந்துதுங்க. குழந்தை பசியில அழ ஆரம்பிச்சுது. சார் சிக்னல் இல்லாத போனைத் தேய்ச்சுக்கிட்டே இருந்தாரு. அதுவரைக்கும் வாயே திறக்காத மேடம் அப்பதான் திறந்தாங்க: "ஏங்க, அந்த நாலரையை எடுத்துக் கொஞ்சம் வறுத்துக் குடுங்க, குழந்தை சாப்பிடட்டும்."

தண்ணிதான் வரல

எலெக்ட்ரானிக் சிட்டியில வேலை பாக்கற தம்பி ஒருத்தர், திருச்சியிலேருந்து வந்த அப்பா அம்மாவோட ஏப்ரல்ல கிளம்பினாரு. போன்ல அந்த ஏரியோட போட்டோவை அம்மாவுக்குக் காட்டி, "இங்கதான்மா லஞ்ச்"னு சொல்லிட்டாரு. போட்டோ மழைக்காலத்துல எடுத்தது. கரை ததும்ப தண்ணி, நடுவுல கொக்கு. நான், "தம்பி, இப்ப கோடை, ஏரி வத்திக் கெடக்கும், நஞ்சன்கூட்டுலயே சாப்பிட்டுடலாம்"னேன். பின்சீட்ல குசுகுசுன்னு, "அங்க இவருக்கு கமிஷன் இருக்கும் போல"ன்னு காதுல விழுந்துச்சு. நல்லது சொன்னா நம்ம தலையிலதான் விடியும். சரி, வாங்க சாமின்னு ஏரிக்கே விட்டேன்.

ஏரி நடுவுல ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடிக்கிட்டிருந்தாங்க. வராந்தாவுல இவங்க உக்காந்ததும் பந்து வந்து தண்ணி ஜக்கைத் தட்டி விட்டுடுச்சு. அந்த ஏரியில அன்னைக்கு இருந்த தண்ணி அந்த ஜக்குல இருந்தது மட்டும்தான். அம்மா போட்டோவையும் மைதானத்தையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. அப்பா பந்தை எடுத்துத் திருப்பி வீசினாரு. அவருக்கு அதுலயே சந்தோஷம். தம்பிக்குத்தான் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. சர்வரைக் கூப்பிட்டு, "என்னங்க இது, ஏரி எங்க?"ன்னு கத்தினாரு. சர்வர் ஜக்கை நிமிர்த்தி வச்சுக்கிட்டே நிதானமா சொன்னான்: "ஏரி எங்கயும் போகல சார், இங்கதான் இருக்கு. தண்ணிதான் இன்னும் வரல."

பின்கட்டு பெஞ்சு

எங்க தொழில்ல ஒரு வழக்கம் இருக்கு. பார்ட்டியைக் கூட்டிட்டு வர்ற டிரைவருக்கு ஹோட்டல்ல சாப்பாடு ஃப்ரீ. மரியாதைதான், இல்லைன்னு சொல்லல. ஆனா அந்தச் சாப்பாடு பின்னாடி. சமையல்கட்டை ஒட்டி ஒரு நீள பெஞ்சு, எதிர்ல ஜெனரேட்டர், அதுக்கு அந்தப் பக்கம் நிறுத்தின வண்டிங்க. டிரைவர் எங்க உக்காந்தாலும் அவன் வண்டி அவன் கண்ணுல படணும்; அது எங்களுக்கு ரத்தத்துல ஊறிப்போன பழக்கம். பார்ட்டியை வாசல்ல எறக்கணும், வண்டியை மூஞ்சி ரோட்டைப் பாத்த மாதிரி நிறுத்தணும், கண்ணாடி துடைக்கணும், மூஞ்சி கழுவணும், பெஞ்சுக்குப் போகணும். பார்ட்டி கை கழுவறதுக்குள்ள நாம ஏப்பம் விட்டுட்டு சாவியோட நிக்கணும்.

அதனால அந்த ஏரியை நான் நின்னுதான் பாத்திருக்கேன், உக்காந்து பாத்ததில்ல. ஒரு தடவை கௌடர்கிட்டயே கேட்டுட்டேன், "கௌடரே, அந்தப் பக்கமும் ஒரு பெஞ்சு போடக்கூடாதா, நாங்களும் தண்ணியைப் பாத்துக்கிட்டே சாப்பிடுவோமே"ன்னு. அவரு கெட்ட மனுஷன் இல்ல, நெஜமாவே யோசிச்சுட்டுத்தான் சொன்னாரு: "ஏரியைப் பாத்தா நீங்க மெல்ல சாப்பிடுவீங்க சேகர், அப்புறம் வண்டியை யாரு எடுப்பாங்க?"

டீச்சரம்மா

ரிச்சர்ட்ஸ் டவுன்லேருந்து ஒரு கிறிஸ்தவக் குடும்பம். ரிட்டயர் ஆன டீச்சரம்மா, அவங்க தங்கச்சி, தங்கச்சி மகன்னு ஒரு வண்டி நிறைய. தாத்தா காலத்துலேருந்து பெங்களூர்தான்; தமிழ்ல ஆரம்பிச்சு கன்னடத்துல போய் இங்கிலீஷ்ல முடிப்பாங்க. ஏரி ஹோட்டல்ல எல்லாரும் உக்காந்து, கண்ணை மூடி ஜெபம் பண்ணிட்டு, டீச்சரம்மா திரும்பிப் பாத்தாங்க. "டிரைவர் எங்க? வாங்க, எங்ககூட உக்காருங்க. வண்டி ஓட்டுறவரு பட்டினி, நாங்க மட்டும் சாப்பிடறதா?"

அப்படி யாரும் கூப்பிட்டதில்ல. காலியா ஒரு நாற்காலி, நேர் எதிர்ல ஏரி. உக்காந்துடலாம்னு ஒரு கணம் தோணுச்சு. ஆனா மனசு ஒப்பல. முதமுதல்ல அந்த டேபிள்ல உக்காந்தா செல்வியோடயும் பொண்ணோடயும்தான் உக்காரணும்னு எனக்குள்ள ஒரு பிடிவாதம். அதை அப்படியே சொல்லிட்டேன். வீட்டுக்காரிக்கு ரொம்ப நாளா ஆசைம்மா, கூட்டிட்டு வர்றேன்னு சொல்லியிருக்கேன், இன்னும் வேளை வரலன்னேன். டீச்சரம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேல என்னை ஒரு பார்வை பாத்தாங்க, வீட்டுப்பாடம் எழுதாம வந்தவனைப் பாக்கற மாதிரி. "இன்னுமா உங்களை நம்பிக்கிட்டு இருக்காங்க? பாவம், ரொம்ப நல்லவங்கப்பா."

நல்ல பேக்ரவுண்ட்

இது நடந்தப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது, ஒளிக்காம சொல்றேன். கம்பெனியில பெரிய வேலையில இருக்கற ஒருத்தர், பொண்டாட்டி, ரெண்டு பசங்களோட வந்தாரு. மழை முடிஞ்ச சமயம், ஏரி ரொம்பி வழியுது. இருக்கறதுலயே நல்ல டேபிள் கிடைச்சுது. அந்த மனுஷன் நாற்காலியை எடுத்து ஏரிக்கு முதுகைக் காட்டிப் போட்டுக்கிட்டு லேப்டாப்பைத் திறந்துட்டாரு. மீட்டிங்காம். பசங்க, "அப்பா, மீன் துள்ளுது பாரு, அப்பா"ன்னு கூப்பிடறாங்க. இவரு ஒரு விரலைத் தூக்கிக் காட்டறாரு. அந்தம்மா யாருக்கும் காத்திருக்காம சாப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. பழகிப்போச்சு போல.

சார்ஜர் வண்டியில இருக்குன்னு என்னைக் கூப்பிட்டாரு. கொண்டு போய்க் குடுத்துட்டு நின்னேன். எனக்கு உக்காரக் குடுத்து வைக்காத எடம், இவருக்கு உக்காந்தும் பாக்கக் குடுத்து வைக்கல. யாரைத் திட்டறதுன்னு தெரியல. அப்ப லேப்டாப்லேருந்து யாரோ ஒருத்தர் தமிழ்லயே கேட்டது எனக்கு நல்லா கேட்டுச்சு: "சார், உங்க பேக்ரவுண்ட் சூப்பரா இருக்கு, எங்கேருந்து டவுன்லோட் பண்ணீங்க?"

அக்கா, நமஸ்காரா

செல்வி வீட்டுல பிளவுஸ் தைக்கிறா. மல்லேஸ்வரத்துப் பாதிக் கல்யாணத்துக்கு அவ கைத்தையல்தான். ஊருக்குத் தைச்சுக்கிட்டே ஒரு நாள் தனக்குன்னும் ஒண்ணு தைச்சா. மயில் கழுத்து நிறம், கையில மெல்லிசா ஜரிகை. எங்க போட்டுக்கன்னு கேட்டேன். "ஏரிக்கு"ன்னா. மடிச்சு பீரோவுல வச்சா. அது அங்கயே இருந்துச்சு.

நான் ஒவ்வொரு தடவை வீட்டுக்கு வர்றப்பவும் அவ கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். "இன்னைக்கு ஏரி எப்படி இருந்துச்சு?" நானும் சொல்வேன். தண்ணி இந்த நிறம், காத்து இந்தப் பக்கம், கொக்கு வந்துச்சு, தாமரை பூத்திருந்துச்சுன்னு. நின்ன எடத்துலேருந்து ஒரு பார்வை பாத்ததை வச்சு ஒரு வண்டி கதை சொல்வேன். ஒரு நாள் பெஞ்சுல சாப்பிட்டுக்கிட்டிருக்கேன், வீடியோ கால் வருது. "ஏரியைக் காட்டுங்க"ங்கறா. எழுந்து முன்னாடி போறதுக்கு வழியில்ல, பார்ட்டி சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க, அவங்க முன்னாடி எச்சில் கையோட போய் நிக்க முடியுமா? போனைச் சுத்திக் காட்டினேன். ஜெனரேட்டர், காயப்போட்ட துடைப்பத் துணி, வரிசையா வண்டிங்க. பெஞ்சுல இருந்த பசங்க சும்மா இருப்பாங்களா, "அக்கா நமஸ்காரா, ஊட்டா ஆய்த்தா?"ன்னு சாப்பாடு விசாரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. செல்வி எல்லாருக்கும் பதில் வணக்கம் வச்சுட்டு என்கிட்ட கேட்டா: "ஏங்க, எனக்கு டிரைவருங்களாத்தான் தெரியுறாங்க, ஏரி எங்க?"

டேங்க் வியூ

எல்லாருக்கும் லீவுன்னா டிரைவருக்கு வேலை. ஞாயித்துக்கிழமை, தசரா, பொங்கல், பசங்க பரிட்சை லீவு, எல்லாமே எங்களுக்கு சீசன். ஊரு வேலைக்குப் போற செவ்வாக்கிழமை நான் சும்மா இருப்பேன், அன்னைக்கு திவ்யாவுக்கு காலேஜ். "அடுத்த வாரம்"னு நான் சொன்னதை எல்லாம் சேத்து வச்சா அதுவே ஒரு ஏரி அளவுக்கு வரும்.

ஒரு தடவை நெஜமாவே கிளம்பிட்டோம். செல்வி பீரோவைத் திறந்து அந்த பிளவுஸை எடுத்துப் போட்டுக்கிட்டா. திவ்யா பாட்டு எல்லாம் போன்ல ஏத்தி வச்சிருந்தா. வழியில பசிச்சா இருக்கட்டும்னு தயிர்சாதமும் கட்டியாச்சு. வண்டி சாவியைத் திருப்பறேன், போன் அடிக்குது. வழக்கமா வர்ற மல்லேஸ்வரத்துப் பெரியவரு. வீட்டம்மாவுக்கு திடீர்னு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குப் போகணும், கைகாலெல்லாம் நடுங்குது சேகருங்கறாரு. மாட்டேன்னு எப்படிச் சொல்றது? செல்விதான், "போங்க, போங்க, மொதல்ல அதைப் பாருங்க"ன்னு வண்டியை விட்டு எறங்கினா. அந்தம்மா நல்லபடியா பொழைச்சுக்கிட்டாங்க. நான் திரும்பி வர்றப்போ சாயங்காலம் ஆயிடுச்சு. ரெண்டு பேரும் மொட்டை மாடியில, தண்ணி டேங்க் நிழல்ல உக்காந்து அந்தத் தயிர்சாதத்தைச் சாப்பிட்டிருக்காங்க. செல்வி அந்தப் பிளவுஸை மாத்தாமலே உக்காந்திருந்தா. திவ்யாதான் டேங்கை ஒரு தட்டு தட்டிட்டுச் சொன்னா: "கவலைப்படாதப்பா, வாட்டர் வியூவுலதான் சாப்பிட்டோம்."

எங்க வீட்டு பார்ட்டி

திவ்யாவுக்குப் புனேயில வேலை கிடைச்சுது. சந்தோஷம்தான். பெட்டி வாங்கினோம், ஸ்வெட்டர் வாங்கினோம், டிக்கெட் போட்டோம். அந்த சமயத்துல நான் ஒரு தடவை ஊட்டிக்குப் போய் வந்தேன். சட்டையைக் கழட்டி மாட்டிட்டு, செல்வி கேப்பான்னு காத்துக்கிட்டிருக்கேன், கேக்கல. அடுத்த தடவையும் கேக்கல. ஏரி எப்படி இருந்துச்சுன்னு அவ கேக்கறதையே நிறுத்திட்டா. அவ திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். பொண்ணு கிளம்பினதுக்கு அப்புறம் மூணு பேரு எங்கேருந்து வர்றது, இனிமே கேட்டு என்னன்னு அவ விட்டுட்டான்னு புரிஞ்சதும் எனக்கு என்னமோ ஆயிடுச்சு.

திவ்யா கிளம்பறதுக்கு முன்னாடி வந்த ஞாயித்துக்கிழமை. கையில இருந்த பார்ட்டியை என் சிநேகிதன் பசவராஜுக்குத் தள்ளி விட்டேன். அவனும் டிரைவர்தான், விஷயம் தெரிஞ்சவன். "நீ போ குரு, போனை ஆஃப் பண்ணிட்டுப் போ"ன்னான். மத்தியானம் ஏரி, அப்புறம் கோபாலசாமி பெட்டா, அந்த மலையைப் பாத்துட்டு ராத்திரிக்கு வீடுன்னு திட்டம். செல்வி அந்தப் பிளவுஸைப் பக்கத் தையல் பிரிச்சு விட்டுப் போட்டுக்கிட்டா. ரெண்டு பேரும் நடுசீட்ல உக்காந்தாங்க. ராமநகரம் தாண்டறப்போ நான் என்னையறியாம, "ஏசி போதுமா மேடம்?"னு கேட்டேன். திவ்யா சிரிச்ச சிரிப்புல எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. அப்ப சிரிச்சதுதான், மத்தியானம் மூஞ்சியில ஈயாடல.

என்ன ஆச்சுன்னா, ஏரி ஹோட்டல் வாசல்ல அவங்களை எறக்கினேன். "நல்ல டேபிளா பாத்து உக்காருங்க, வண்டியை நிறுத்திட்டு வர்றேன்"னு சொன்னேன். புங்க மரத்தடியில, மூஞ்சி ரோட்டைப் பாத்த மாதிரி நிறுத்தினேன். கண்ணாடி துடைச்சேன். குழாயில மூஞ்சி கழுவினேன். கால் தானா நடந்துச்சு. தெரிஞ்ச பசங்க ரெண்டு பேரு, "வாங்க சேகரண்ணா"ன்னு நகர்ந்து எடம் விட்டாங்க. உக்காந்தேன். தட்டு வந்துச்சு. ராகி முத்தே, அதாங்க களி உருண்டை, கூட கீரைக் குழம்பு. டயர் தேயறதைப் பத்திப் பேசிக்கிட்டே களியைக் கிள்ளிக் கிள்ளி முழுங்கறேன். எதையோ மறந்த மாதிரி மட்டும் உறுத்திக்கிட்டே இருக்கு. வண்டியைப் பாக்கறேன், பூட்டித்தான் இருக்கு. சாவி இருக்கு, போன் இருக்கு. பாதி முடிச்சுட்டேன்.

நிமிர்ந்து பாத்தா, சமையல்கட்டு ஓரத்துல மயில் கழுத்து நிற பிளவுஸ். செல்வி நிக்கறா. என் தட்டைப் பாத்தா. பெஞ்சைப் பாத்தா. ஜெனரேட்டரைப் பாத்தா. வீடியோல பாத்த அதே எடம்னு அவளுக்குத் தெரிஞ்சு போச்சு.

"கொக்கு வந்துச்சு, தாமரை பூத்துச்சுன்னு சொன்னதெல்லாம் இங்க உக்காந்துதானா?"ன்னு கேட்டா. கோவமே இல்ல அந்தக் குரல்ல. கண்ணு மட்டும் தளும்பிடுச்சு.

"கால் தானா வந்துடுச்சு செல்வி"ன்னேன். பக்கத்துல இருந்த பசங்க ரெண்டு பேரும் தட்டுக்குள்ளயே தலையைப் புதைச்சுக்கிட்டாங்க.

அவ வந்து என் தட்டை ஒரு கையில எடுத்தா. என் முழங்கையை இன்னொரு கையில பிடிச்சா. "எழுந்திருங்க. கை கழுவ வேண்டாம், அப்படியே வாங்க"ன்னா. சாப்பிட்டுக்கிட்டிருந்த அத்தனை குடும்பத்துக்கு நடுவுல, எச்சில் கையோட நான், எச்சில் தட்டோட அவ. கல்லாவுல இருந்த கௌடர் எட்டிப் பாத்து, "சேகர், யாரு பார்ட்டி?"ன்னாரு. "நம்ம மனே, கௌடரே, எங்க வீடு"ன்னேன். மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்தே நின்னுட்டாரு. உள்ள திரும்பி, மூணு சாப்பாடு, அப்பளம் சூடான்னு கன்னடத்துல சத்தம் போட்டாரு.

ஓரத்து டேபிள். ஏரியைப் பாத்த மாதிரி இருந்த நாற்காலியைத் திவ்யாவும் செல்வியும் எனக்காக விட்டு வச்சிருந்தாங்க. உக்காந்தேன். முதமுதல்ல, உக்காந்தேன். தண்ணி கண்ணு மட்டத்துக்கு வந்துடுச்சு. நின்னு பாக்கறப்போ இப்படித் தெரியாது. வயிறு பாதி ரொம்பிடுச்சு, இருந்தாலும் செல்வி போடப் போட சாப்பிட்டேன். என்ன பண்ணினாலும் கழுத்து மட்டும் சொன்ன பேச்சு கேக்கல. ரெண்டு வாய்க்கு ஒரு தடவை புங்க மரத்துப் பக்கம் திரும்புது. திவ்யா பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம் தன் நாற்காலியை இழுத்து, எனக்கும் வண்டிக்கும் நடுவுல போட்டுக்கிட்டு உக்காந்தா. "வண்டி எங்கயும் போகாதுப்பா. நான்தான் போறேன்."

அதுக்கு அப்புறம் நான் திரும்பல. அவ சாப்பிடறதைப் பாத்துக்கிட்டே சாப்பிட்டேன். ரசத்துல உப்பு கம்மியாத்தான் இருந்துச்சு. பெட்டாவுக்கு மேல சொந்த வண்டியை விடமாட்டாங்க, கீழேருந்து ஏத்திட்டுப் போற கடைசி பஸ்ஸுக்கு நேரம் ஆச்சுன்னு எனக்குத் தெரியும், நான் சொல்லல. அவங்களும் கேக்கல. காபி குடிச்சோம், திரும்பவும் காபி குடிச்சோம். வெயில் தாழ்ந்து, தண்ணி மேல மின்ன ஆரம்பிச்சுது. செல்வி காபி டம்ளரைக் கீழ வச்சுட்டு, "நீங்க சொன்ன ஏரி இதைவிடப் பெரிசா இருந்துச்சு"ன்னா. எனக்குச் சுருக்குன்னுச்சு. ஏமாத்திட்டேனான்னு கேட்டேன். அவ தலையை ஆட்டிட்டு என் தோள்ல கையை வச்சா. "இல்லங்க. இதுதான் கைக்கு அடக்கமா இருக்கு."

போட்டோ

திவ்யா இப்ப புனேயில. போன் பண்றா, சாப்பிட்டியான்னு கேட்டா சாப்பிட்டேங்கறா, என்னன்னு கேட்டா பிரெட்டுங்கறா. செல்வி அதைக் கேட்டுட்டு மெஷின் பெடலைக் கொஞ்சம் வேகமா மிதிப்பா. அந்த பிளவுஸ் திரும்பவும் பீரோவுக்குப் போகல, எல்லா வெள்ளிக்கிழமையும் போட்டுக்கிட்டு கோயிலுக்குப் போறா. ஏரி எப்படி இருந்துச்சுன்னு கேக்கறதையும் திரும்ப ஆரம்பிச்சுட்டா. கூடவே, எங்க உக்காந்து சாப்பிட்டீங்கன்னும் கேக்கறா.

நான் பெஞ்சுலதான் சாப்பிடறேன், வழக்கத்தை மாத்த முடியுமா? ஆனா சாப்பிடறதுக்கு முன்னாடி முன்பக்கம் போய் ஒரு ஓரமா நின்னு, போட்டோ எடுத்து திவ்யாவுக்கு அனுப்பிடறேன். போன வாரம் அனுப்பினதுல எங்க டேபிள்ல ஒரு குடும்பம் உக்காந்திருந்துச்சு. அப்பா, அம்மா, ஸ்கூல் யூனிஃபார்ம் வயசுல ஒரு பொண்ணு. அப்பா போனைப் பாத்துக்கிட்டிருந்தாரு. கொஞ்ச நேரத்துல திவ்யாகிட்டேருந்து பதில் வந்துச்சு: "அப்பா, நம்ம டேபிள்ல இருக்கற அந்த அங்கிளைக் கொஞ்சம் ஏரியைப் பாக்கச் சொல்லு, இல்லைன்னா எடத்தைக் காலி பண்ணச் சொல்லு, நாங்க வர்றோம்."

எத்தனையோ பார்ட்டிங்களை மலைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கேன், ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்காக மலையையே விட்டுட்டுத் திரும்பி வந்து, இன்னும் அந்த டேபிளை விட்டு எழுந்திருக்க மனசு வராத பார்ட்டி எங்க வீட்டு பார்ட்டி ஒண்ணுதான்.